‘விராட் கோலி சைன் பண்ண பேட், 22 ஆயிரம்தான்!’ - பிரபலங்களின் கையெழுத்து ஒரிஜினலா, போலியா? கண்டுபிடிப்பது எப்படி?

“சார், இது ஒரிஜினல்தானா? நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள பணம் போடச் சொல்றாங்க.”

சூளகிரியில் இருந்து நம் வாட்ஸ்அப் எண்ணுக்கு வந்த மெசேஜ் இது. கூடவே நான்கு போட்டோக்கள். ஒரு கிரிக்கெட் பேட், அதன் மேல் கறுப்பு மார்க்கரில் விராட் கோலி கையெழுத்து, பக்கத்தில் மின்னுகிற ஹாலோகிராம் ஸ்டிக்கர், தங்க நிற பார்டர் போட்ட ஒரு சர்ட்டிஃபிகேட். விலை 22,000 ரூபாய். அனுப்பியவர் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் இளைஞர். கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம்.

சூளகிரியைத் தெரியாதவர்களுக்கு: பெங்களூரு - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஓசூர் தாண்டி வரும் ஊர். கொத்தமல்லிக் கட்டு லாரி லாரியாகப் போகும் ஊர். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். இங்கிருந்து பார்த்தால் சேப்பாக்கத்தைவிட சின்னசாமி ஸ்டேடியம் பல மடங்கு பக்கம். அதனால் ஆர்.சி.பி ரசிகர்களுக்குக் குறைவே இல்லை. 2025 ஜூன் 3-ம் தேதி, 18-வது சீசனில் ஆர்.சி.பி முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியதும் இவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். இந்த மாதிரி சந்தோஷத்தைத்தான் போலி கையெழுத்து வியாபாரிகள் குறிவைக்கிறார்கள்.

நானும் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கூகுளில் கோலி கையெழுத்தைத் தேடி, வந்த படங்களோடு வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது. ‘ஒரிஜினல் மாதிரிதான் தெரியுது’ என்று டைப் அடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் அழித்தேன். நல்லவேளை.

கூகுள் படத்தோடு ஒப்பிட்டால் என்ன தப்பு?

தேடினால் வரும் படங்களில் பெரும்பகுதி விற்பனைக்கு வைக்கப்பட்ட பொருட்களின் படங்கள். அதில் எது நிஜம், எது போலி என்று யாருக்குத் தெரியும்? ஒரு போலியை இன்னொரு போலியோடு ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தத்தான் செய்யும்.

உலகத்தின் மிகப் பெரிய கையெழுத்து மோசடி ஒன்று இந்த ஒரே ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. 1983 ஏப்ரலில் ஜெர்மனியின் ‘ஸ்டெர்ன்’ பத்திரிகை, ஹிட்லரின் டைரிகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. அதற்காகக் கொடுத்த விலை சுமார் 93 லட்சம் மார்க். கையெழுத்து நிபுணர்களிடம் காட்டினார்கள். “டைரியில் இருப்பதும், ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளில் இருப்பதும் ஒரே ஆள் எழுதியது” என்று நிபுணர்கள் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னது ஒரு விதத்தில் சரி. ஒரே ஆள் எழுதியதுதான். ஆனால் அந்த ஆள் ஹிட்லர் இல்லை, கொன்ராட் குஜாவ் என்ற மோசடிக்காரர். ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலும் அவர் கைவண்ணம் கலந்திருந்தது! கடைசியில் மாட்டிவிட்டது காகிதம். 1950-களுக்குப் பிறகு காகிதத்தில் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டும் ரசாயனம் அதில் இருந்தது. பைண்டிங் நூலில் பாலியஸ்டர் இருந்தது. 1945-ல் செத்துப்போன ஒருவரின் டைரியில் இது எப்படி வரும்? இரண்டே வாரத்தில் குட்டு வெளிப்பட்டது. குஜாவ் ஜெயிலுக்குப் போனார்.

கையெழுத்தை விடுங்க, சுற்றி இருப்பதைப் பாருங்க

இந்தக் கதையில் இருந்து நமக்குக் கிடைக்கும் உருப்படியான விஷயம் இதுதான். கையெழுத்தின் வடிவத்தை மோசடிக்காரர் மாதக் கணக்கில் பழகியிருப்பார். அதில் அவரை ஜெயிப்பது கஷ்டம். அதைச் சுற்றி இருக்கும் காகிதம், பேனா, ஸ்டிக்கர், முகவரி, தேதி ஆகியவற்றில் அவர் அவ்வளவு மெனக்கெட மாட்டார். சறுக்குவது அங்கேதான்.

ஒரு கிரிக்கெட் உதாரணம். சச்சின் என்றதும் நம் கண் முன்னால் வருவது எம்.ஆர்.எஃப் ஸ்டிக்கர் ஒட்டிய பேட். ‘2011 உலகக் கோப்பையில் சச்சின் ஆடிய பேட், கையெழுத்துடன்’ என்று எம்.ஆர்.எஃப் பேட்டை ஒருவர் நீட்டினால், கையெழுத்தைப் பார்க்கவே வேண்டாம். அந்த உலகக் கோப்பையில் சச்சின் பேட்டில் இருந்தது அடிடாஸ். போலி செய்பவரும் நம்மைப் போல ஞாபகத்தில் இருந்துதான் வேலை செய்கிறார்.

இன்னொன்று, எல்லையோரக்காரர்களுக்கு நெருக்கமானது. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29-ம் தேதி காலமானார். அவருடைய ‘ஜேம்ஸ்’ படம் வந்தது அதற்குப் பிறகு, அவரது பிறந்தநாளான 2022 மார்ச் 17-ல். அந்த ரிலீஸ் சமயத்தில் தியேட்டருக்கு அடித்த போஸ்டரில் அப்பு கையெழுத்து என்று யாராவது விற்றால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள். பொதுவாகவே, ஒருவர் மறைந்த அடுத்த சில மாதங்களில் அவர் கையெழுத்து என்று வரும் சரக்கைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. ரசிகர் மனசு இளகியிருக்கும் நேரம் அது.

அமெரிக்காவில் 1990-களின் கடைசியில் எஃப்.பி.ஐ நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் கிடைத்த ஒரு பொருள் இன்னும் பேசப்படுகிறது. அன்னை தெரசா கையெழுத்து போட்ட பேஸ்பால்! அதையும் யாரோ நம்பி வாங்கத் தயாராக இருந்ததால்தானே செய்திருக்கிறார்கள். 10 கோடி டாலர் வரை போலி சரக்கு புழங்கியதாகக் கணக்கிட்ட அந்த வழக்கில் 60-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள்.

நம்ம ஊர் பழைய கடிதங்களை எப்படிச் சோதிப்பது?

தலைவர்கள், எழுத்தாளர்கள் கையெழுத்து போட்ட பழைய கடிதம், புத்தகம் என்றால் இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மோசடிக்காரர்களுக்கு இவை கண்ணிவெடி.

ஆறு இலக்க பின்கோடு இந்தியாவில் வந்தது 1972 ஆகஸ்ட் 15. அறிஞர் அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. எனவே லெட்டர்பேடில் பின்கோடு அச்சடித்த அண்ணா கடிதம் இருக்கவே முடியாது. ‘மதராஸ் மாநிலம்’ தமிழ்நாடு என்று அதிகாரபூர்வமாக மாறியது 1969 ஜனவரி 14. அதற்கு முந்தைய அரசு லெட்டர்பேடில் அந்தப் பெயர் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு சிறப்பு டிப்ஸ். கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முன் இந்தப் பகுதி தருமபுரி மாவட்டம். 1965 அக்டோபருக்கு முன்னால் சேலம் மாவட்டம். ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜிக்கு இந்தப் பக்கம் இன்றும் மவுசு உண்டு. அவர் கையெழுத்து போட்டதாக வரும் 1950-களின் புத்தகத்தில், அதே காலத்து கடை முத்திரை ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருந்தால் அங்கே ஏதோ இடிக்கிறது.

பேனாவையும் பாருங்கள். பால்பாயின்ட் பேனா உலகச் சந்தையில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1940-களில். 1921-ல் மறைந்த பாரதியார் பால்பென்னில் கையெழுத்து போட்டிருக்க முடியாது. மார்க்கர் பேனாக்கள் அதற்கும் பிறகுதான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன.

காகிதத்துக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் நீல நிற யூவி லைட் போதும். இருட்டில் காகிதத்தின் மேல் அடித்துப் பாருங்கள். வெண்மையூட்டி கலந்த புதுக் காகிதம் பளிச்சென்று நீல வெள்ளையாக ஒளிரும். 1930, 40-களின் காகிதம் மங்கலாகவே இருக்கும். ஹிட்லர் டைரியைப் பிடித்ததும் கிட்டத்தட்ட இதே வித்தைதான். ஆனால் ஒன்று, பழைய புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தைக் கிழித்து அதில் எழுதுகிறவர்களும் உண்டு. ஒளிரவில்லை என்பதாலேயே ஒரிஜினல் ஆகிவிடாது. ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள், அவ்வளவுதான்.

எழுத்தே காட்டிக் கொடுக்கும்

தமிழ் படித்தவன் என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் ஆசையோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாம் எழுதும் ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ போன்ற 13 எழுத்துகள் முன்பு வேறு வடிவத்தில் இருந்தன. ‘லை’க்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு வரும். வீட்டில் தாத்தா பாட்டி எழுதிய பழைய கணக்கு நோட்டைப் புரட்டினால் பார்க்கலாம். 1978-ல் எம்.ஜி.ஆர் அரசு போட்ட உத்தரவுக்குப் பிறகுதான் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் பாடப்புத்தகம் வரை வந்தது.

ஆக, 1950-களில் ஒரு தலைவர் கைப்பட எழுதியதாகச் சொல்லப்படும் வாழ்த்து வரியில் இன்றைய ‘லை’ இருந்தால், எழுதியவர் 1978-க்குப் பிறகு ஸ்கூலுக்குப் போனவரோ என்று சந்தேகம் வர வேண்டும். இதற்கும் விதிவிலக்கு உண்டு. பெரியார் தன் ‘குடிஅரசு’ பத்திரிகையில் 1935-லேயே புது எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். எனவே பெரியார் அல்லது அவர் வழி வந்தவர்களின் கடிதத்தில் புது எழுத்து இருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

பெயரை மட்டும் கிறுக்கிய கையெழுத்தைவிட, ‘இன்னாருக்கு அன்புடன்’ என்று நாலு வார்த்தை எழுதியதைச் சோதிப்பது சுலபம் என்று சொல்வதும் இதனால்தான். எழுத எழுத மாட்டுவதற்கு வாய்ப்பும் அதிகம்.

சரி, கையெழுத்தில் எதைப் பார்ப்பது?

சுற்றி இருப்பது எல்லாம் பாஸ் ஆன பிறகுதான் கையெழுத்துக்கு வர வேண்டும்.

முதலில், அது பேனாவால் போட்டதுதானா? போன் கேமராவில் நன்றாக ஜூம் செய்யுங்கள், அல்லது ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள். கோடு முழுக்கக் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிரின்ட். போட்டோவைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பேனா மை பெரும்பாலும் போட்டோவின் பளபளப்புக்கு மேலே தனியாகத் தெரியும். பிரின்ட் என்றால் படத்தோடு படமாக இருக்கும். ரசிகர்களுக்கு நட்சத்திரங்கள் தபாலில் அனுப்பிய பழைய போட்டோக்களில் கையெழுத்தும் சேர்த்தே அச்சடிக்கப்பட்டிருப்பது சகஜம். அது மோசடி இல்லை, அன்பளிப்பு. அதை ‘நேரடி கையெழுத்து’ என்று இன்று விற்றால்தான் மோசடி.

அடுத்தது வேகம். நம் பெயரை நாம் யோசித்துக்கொண்டா போடுகிறோம்? கை தானாக ஓடும். கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் மெலிந்திருக்கும், வேகமாகப் போன இடத்தில் மை லேசாகும். பார்த்து வரைந்தவரின் கோடு ஒரே தடிமனில் போகும், லேசாக நடுங்கும், நடுவில் தேவையில்லாமல் நின்று மறுபடி தொடங்கும். தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது ஒரு நல்ல பழக்கம். அப்போது பெயர் கண்ணில் படாது, கோடு மட்டும் தெரியும்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது. ஒரு மனிதன் ஒரே கையெழுத்தை இரண்டு முறை துல்லியமாக அதேபோல் போட மாட்டான். இரண்டு பொருட்களில் இருக்கும் கையெழுத்துகளை போனில் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, மேலே உள்ளதை மங்கலாக்கிப் பாருங்கள். மயிரிழை பிசகாமல் பொருந்தினால், சந்தோஷப்படாதீர்கள். அது ரப்பர் ஸ்டாம்பாக இருக்கலாம், பிரின்டாக இருக்கலாம், மெஷின் போட்டதாக இருக்கலாம்.

மெஷினா? ஆமாம். ‘ஆட்டோபென்’ என்று பெயர். ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வரியில் புரியும்: டூல் இருக்கும் இடத்தில் பேனா, ப்ரோகிராம் இருக்கும் இடத்தில் கையெழுத்து. நிஜப் பேனா, நிஜ மை என்பதால் பூதக்கண்ணாடிச் சோதனையில் தப்பித்துவிடும். 2022-ல் பாடகர் பாப் டிலன் புத்தகத்தின் 900 பிரதிகள் ‘கைப்படக் கையெழுத்திட்டது’ என்று தலா 599 டாலருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் படத்தை ஒப்பிட்டதும் மாட்டிக்கொண்டது. பதிப்பாளர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், டிலன் மன்னிப்புக் கேட்டார். நோபல் பரிசு வாங்கியவர், பெரிய பதிப்பகம், அதிகாரபூர்வ விற்பனை. அங்கேயே இந்தக் கதை.

மெஷின் இல்லாத காலத்தில் உதவியாளர்கள் இருந்தார்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் உதவியாளர்களே நான்கு பேர் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தது ஊரறிந்த விஷயம்.

‘கையெழுத்து மாறியிருக்கே, அப்ப போலியா?’ என்றால் அதுவும் அவசரம். வயது, உடல்நிலை, கூட்ட நெரிசல் எல்லாம் கையெழுத்தை மாற்றும். காந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை வலித்தால் இடது கையால் எழுதுவார். 1909-ல் கப்பலில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதியபோது சுமார் 40 பக்கங்களை இடது கையால் எழுதினார். தமிழிலும் ‘மோ.க.காந்தி’ என்று கையெழுத்து போடுவார். ஹரிஜன நிதிக்காக ஒரு கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கியவர் என்பதால் போட்டதும் ஏராளம். ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு காந்தி கையெழுத்தைத் தீர்ப்பு சொல்ல முடியாது.

சர்ட்டிஃபிகேட் இருந்தால் நம்பலாமா?

சர்ட்டிஃபிகேட் என்பது ஒரு காகிதம். ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டையில் கலர் பிரின்ட் எடுக்க எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஹாலோகிராம் ஸ்டிக்கரும் மொத்த விலையில் கிடைக்கும் பொருள்தான். கேட்க வேண்டியது, கொடுத்தது யார் என்பது. பி.எஸ்.ஏ, ஜே.எஸ்.ஏ, பெக்கெட் மாதிரி வெளிநாட்டு நிறுவனங்களின் நம்பர் என்றால், அட்டையில் இருக்கும் கியூ.ஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். அது எங்கே கொண்டுபோகும் என்பது அதை அச்சடித்தவர் கையில். அந்த நிறுவனத்தின் தளத்தை நீங்களே டைப் செய்து போய், நம்பரைப் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் பொருளும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். ஒரு நிஜ நம்பரை நூறு போலி மேல் ஒட்டலாம்.

அமெரிக்க பேஸ்பால் லீக் 2001-ல் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. கையெழுத்து போடும்போதே ஒரு ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் ஸ்டிக்கர். பார்க்காததற்கு ஸ்டிக்கர் கிடையாது. கையெழுத்துக்கு உண்மையான சாட்சி என்றால் இதுதான். மற்ற எல்லாமே, நிபுணர் சொல்வது உட்பட, கருத்து மட்டுமே. கோர்ட்டுகளும் கையெழுத்து நிபுணர் கருத்தை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கின்றன.

‘வீடியோ இருக்கு’ என்பார்கள். கோலி ஏதோ ஒரு பேட்டில் கையெழுத்து போடும் வீடியோ யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். அந்த பேட்தானா இந்த பேட் என்பதுதான் கேள்வி. மரத்தில் ஓடும் ரேகை கைரேகை மாதிரி, ஒரு பேட்டுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. வீடியோவை நிறுத்தி, ரேகையை எண்ணிப் பாருங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

ஆன்லைனில் பணம் போட்டிருந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வாய்ப்பு. விற்றது கடை அல்லது இணையதளம் என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். போலி என்று தெரிந்தே விற்பது பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவில் மோசடி, ஏமாற்றுவதற்காக ஆவணத்தைப் போலியாக உருவாக்குவது 336(3). இரண்டுக்கும் 7 ஆண்டுகள் வரை சிறை. சாட்டை அழிக்காதீர்கள், பேட்டில் இருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள்.

அந்த 22,000 ரூபாய் பேட் என்ன ஆச்சு?

விற்பவரின் பக்கத்தில் இன்னொரு பேட் படமும் இருந்தது. அதே கோலி, அதே கையெழுத்து. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். கடைசிச் சுழியில் இருக்கும் சின்னப் பிசிறு வரை பொருந்தியது. கையெழுத்து போடும் வீடியோ கேட்கச் சொன்னேன். அனுப்பினார்கள். வீடியோவில் இருந்த பேட்டில் ரேகை நெருக்கமாக இருந்தது. இவருக்கு விற்க வந்த பேட்டில் விரல் அகலத்துக்கு ஒன்று. அதைக் கேட்டதும் அந்த அக்கவுன்ட் இவரை பிளாக் செய்துவிட்டது. சீட்டுப் பணம் தப்பியது.

இரண்டு நாள் கழித்து அவரிடம் இருந்து இன்னொரு போட்டோ. “சார், இதையும் பாருங்க. தாத்தாவோடது.”

ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’. 1958-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய புத்தகம். முதல் பக்கத்தில் நீலக்கறுப்பு மையில் தாத்தா பெயர், கீழே ஒரு கையெழுத்து, அதே 1958 தேதி. பெயரின் கடைசி எழுத்து ‘லை’, துதிக்கையோடு. உள்ளே ஒரு கடையின் ரப்பர் முத்திரை: ஓசூர், சேலம் ஜில்லா.

போனில் வந்த படத்தை வைத்து ஒரிஜினல் என்று நான் சொல்ல மாட்டேன், அவரிடமும் சொல்லவில்லை. இடிக்கிற மாதிரி எதுவும் கண்ணில் படவில்லை என்று மட்டும் சொன்னேன். மை, கோடு எல்லாம் நேரில் பார்க்க வேண்டும். அதோடு, ஆவணக் காப்பகங்களில் இருக்கும் ராஜாஜியின் நிஜக் கடிதங்களோடு ஒப்பிட வேண்டும்.

“விக்கிற ஐடியா இருக்கா?” என்று கேட்டேன்.

“அம்மா குடுக்க மாட்டாங்க சார். அட்டை மட்டும் பிரிஞ்சு வருது. செலோ டேப் போட்டு ஒட்டிடவா?”

ஒட்டாதீங்க. டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிரித்தால் பக்கமும் சேர்ந்து கிழியும். பிரிந்த அட்டையோடு அப்படியே ஒரு சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்கை வசமாக வையுங்கள். கையெழுத்து இருக்கும் பக்கத்தை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்.